சுல்தானுக்கு எந்த சைஸ்?

நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவனுக்குக் குதிரைன்னா என்ன தெரியும்? கோயில் திருவிழாவில் சாமி ஏறி வரும் மரக்குதிரை. எப்பவாவது ஒரு கல்யாண ஊர்வலத்தில், மேளச் சத்தத்துக்கு மிரண்டுக்கிட்டே நடக்கிற ஒரு நிஜக் குதிரை. மிச்சம் எல்லாம் சினிமா. அதனால இந்த இதழுக்குக் குதிரைச் சேணம் பத்தி எழுதப் போறேன்னு சொன்னப்ப எடிட்டர் கேட்டது ஒரே வார்த்தை: "எதுக்குல?"

காரணம் இருக்கு. ஒரே பொருளை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் உபயோகிக்கிறாங்க. ஒருத்தர் மேலே உட்கார்ந்து, இன்னொருத்தர் கீழே சுமந்து. ரெண்டு பேருக்கும் அளவு சரியா இருக்கணும். ஆனா அதில் ஒருத்தருக்குப் பேச வராது. நாலு வருஷம் டிசைன் படிச்சதில் இப்படி ஒரு கஷ்டமான ப்ராப்ளத்தை எந்த டெக்ஸ்ட் புக்கிலும் நான் பார்க்கல.

முதல்ல டிரெஸ்ஸாஜ்னா என்னன்னு சொல்லிடறேன். 2023 செப்டம்பர் 26-ஆம் தேதி சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஒரு தங்கம் வந்தது, ஞாபகம் இருக்கா? சுதிப்தி ஹஜேலா, திவ்யகிரிதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா. நாலு பேர், நாலு குதிரை. குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம் அது. அவங்க ஜெயிச்ச போட்டிதான் டிரெஸ்ஸாஜ். ஓட்டப்பந்தயம் கிடையாது, தாண்டுறதும் கிடையாது. 60 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலத்தில் ஒரு மணல் களம். அதில் குதிரை நடக்கணும், ஓடணும், பக்கவாட்டில் குறுக்கே போகணும், நின்ன இடத்திலேயே காலைத் தூக்கி வைக்கணும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் பத்துக்கு மார்க் போடுவாங்க. மேலே இருக்கிறவர் ஒண்ணுமே செய்யாத மாதிரி தெரியணும். அனுஷ் அதுக்கு அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கும் போனார். டிரெஸ்ஸாஜில் ஒலிம்பிக்ஸ் போன முதல் இந்தியர் அவர்தான்.

ஒண்ணுமே செய்யாத மாதிரி தெரியணும்னா, இடுப்பை ஒரு சின்ன அசை அசைச்சாலே அது குதிரைக்குப் போய்ச் சேரணும். அந்தச் செய்தி போற கம்பி சேணம்தான். அதனால இந்தச் சேணத்தின் உருவமே வேற. தாண்டுற குதிரைக்குப் போடுற சேணத்தில் பக்கத்துத் தோல் மடல் முன்னால வளைஞ்சிருக்கும், முழங்காலை மடக்கி உட்காரணுமே. டிரெஸ்ஸாஜ் சேணத்தில் மடல் நீளமா, நேரா கீழே தொங்கும். இருக்கை குழியா இருக்கும். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர்ற மாதிரி உட்காரவைக்கும்.

என் பெரியம்மா மகள், அக்கா, பெங்களூரில் ஐ.டி.யில் இருக்காள். மூணு வருஷமா வார இறுதியில் குதிரை ஏறப் பழகறாள். (குடும்பத்தில் இதைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. "அந்தக் காசுக்கு ஒரு செயின் எடுத்திருக்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையான விமர்சனம்.) அவள் ஏறுற குதிரை பேர் சுல்தான். ரேஸில் ஓடி ரிட்டயர் ஆன தரோபிரெட். கிளப் குதிரைதான், ஆனா பாதிச் செலவை அவள் ஏத்துக்கறதால வாரத்தில் மூணு நாள் அவளுக்கு.

கிளப்பில் இருந்த பொதுச் சேணத்தில் உட்கார்ந்தா அவள் கால் முன்னால போயிடும், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ரெண்டு மாசத்தில் ஒரு சின்னப் போட்டி. அப்பதான் யாரோ விக்கிற பழைய ஜெர்மன் சேணம் ஒண்ணு வந்தது. 85,000 ரூபாய். புதுசுன்னா லட்சங்களில் போகும். ஒரு வாரம் வச்சிருப்பேன், அதுக்குள்ள சொல்லுங்கன்னு விக்கிறவர் சொல்லிட்டார்.

எனக்கு போன் வந்ததுக்குக் காரணம் என் ஃபைனல் இயர் பிராஜெக்ட். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குப் படுக்கைப் புண் வராமப் பார்க்க, பிரஷர் எங்கே அதிகம்னு கலர்ல காட்டுற ஒரு பாய் செஞ்சுக்கிட்டிருந்தோம். வெலோஸ்டாட்னு ஒரு கறுப்பு ஷீட். அழுத்தினா அதன் மின்தடை குறையும். மேலயும் கீழயும் காப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டினா ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சென்சார். "அதைச் சேணத்துக்கு அடியில வைக்க முடியுமா?"ன்னு அக்கா கேட்டாள். சனிக்கிழமை காலையில் பாயைச் சுருட்டிக் கையில் பிடிச்சுக்கிட்டு பெங்களூர் ட்ரெயின்ல இருந்து இறங்கினேன்.

சேணத்தை அவள் முதலில் ஒரு மர ஸ்டாண்டில் வச்சு உட்கார்ந்து பார்த்தாள். பிரமாதம். இருக்கை 17.5 இஞ்ச், முன்பக்க ஆணியில் இருந்து பின்மேட்டு நடு வரைக்கும் அளக்கறது அது. அந்த சைஸைத் தீர்மானிக்கிறது பின்பக்கத்தின் அகலம் இல்ல, பெரும்பாலும் தொடை எலும்பின் நீளம். அக்கா உயரம். 17 இஞ்ச்ல உட்கார்ந்தா பின்மேட்டில் ஏறிடுவாள். இதில் கால் தானா கீழே இறங்கிடுச்சு. மூணு வருஷமா மாஸ்டர் கத்திக்கிட்டிருந்த பொசிஷன், யாரும் சொல்லாமலே வந்துடுச்சு. அவள் முகத்தைப் பார்த்தப்பவே வாங்கிட்டாள்னு நினைச்சேன்.

அப்புறம் சுல்தான் முதுகுக்குப் போனோம்.

குதிரை முதுகு நாம படத்துல வரையற மாதிரி சமமான மேஜை கிடையாது. கழுத்து முடியற இடத்தில் ஒரு மேடு, விதர்ஸ்னு சொல்றாங்க. நடுவில் முதுகெலும்பு. அதுக்கு ரெண்டு பக்கமும் நீளமான தசை. சேணம் அந்தத் தசை மேலதான் உட்காரணும், எலும்பைத் தொடவே கூடாது. அதுக்காகத்தான் சேணத்தின் அடியில் ரெண்டு மெத்தைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் விட்டிருப்பாங்க. மூணு நாலு விரல் போற அகலம், முன்னால இருந்து பின்னால வரைக்கும். விதர்ஸுக்கு மேலே ரெண்டு மூணு விரல் இடைவெளி, அதுவும் ஆள் ஏறின பிறகு. பின்னால கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு 18 ஜோடி விலா. அதுக்குப் பின்னால இடுப்பு முதுகு, அங்கே விலா எலும்பின் தாங்குதல் கிடையாது.

முன்னால இன்னொரு எல்லை இருக்கு. அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. நம்ம தோள் மாதிரி எலும்போடு எலும்பு மாட்டியிருக்காது. முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவில் உடம்பு தசையில் தொட்டில் கட்டின மாதிரி தொங்குது. முன்னங்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னால வரும். சேணத்துக்குள்ள ட்ரீன்னு ஒரு எலும்புக்கூடு இருக்கு. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செஞ்சது. அதன் முனை அந்தத் தோள்பட்டை மேல வந்துட்டா, ஒவ்வொரு எட்டுக்கும் எலும்பு போய் அதில் முட்டும். காலை நல்லா நீட்டுன்னு மேலே இருக்கிறவர் சொல்லுவார். நீட்டினா வலிக்குதுன்னு கீழே இருக்கிறவர் எப்படிச் சொல்லுவார்?

சுல்தான் ரேஸ் குதிரை. விதர்ஸ் உயரம், உடம்பு ஒல்லி. தோளுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் கை வச்சா உள்ளே போற குழி. அந்த ஜெர்மன் சேணம் அங்கத்திய அகலமான வார்ம்பிளட் குதிரைக்காகச் செஞ்சது. வச்சதும் முன்பக்கம் உள்ளே இறங்கி, பின்பக்கம் லேசாத் தூக்கிக்கிச்சு. அக்கா ஏறினதும் விதர்ஸுக்கு மேலே ஒரு விரல் போறதே கஷ்டம். சேணம் முன்னால சாய்ஞ்சதும் அவளும் முன்னால சாய்ஞ்சாள். ஸ்டாண்டில் வந்த பொசிஷன் இங்கே காணோம்.

பாயைப் போட்டோம். லேப்டாப்பில் விதர்ஸுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சிவப்புத் திட்டு, மத்த இடமெல்லாம் வெளிர் நீலம். வெலோஸ்டாட் சூட்டுக்கும் நேரத்துக்கும் அளவு மாறும், வளைவில் மடிஞ்சா தப்பாக் காட்டும். அதனால கிலோபாஸ்கல் நம்பர் எதையும் நாங்க நம்பல. எங்கே அதிகம், எங்கே கம்மின்னு மட்டும் பார்த்தோம். பாயை எடுத்துட்டு 20 நிமிஷம் ஓட்டினப்புறம் சேணத்தை இறக்கிப் பார்த்தா முதுகு முழுக்க வியர்வை, அந்த ரெண்டு இடம் மட்டும் காய்ஞ்சு கிடந்தது. வியர்வையைப் பார்க்கச் சொன்னது குதிரையைப் பார்த்துக்கற அண்ணா. என் சர்க்யூட் சொன்னதை அவர் கண்ணாலயே சொல்லிட்டார். வாரை இறுக்கும்போது காது பின்னால போனதையும், திரும்பிக் கடிக்க வந்ததையும் அவர்தான் காட்டினார். அங்கேயே நின்ன இன்னொரு குதிரையின் விதர்ஸில் வெள்ளை முடித் திட்டு இருந்தது. பழைய சேணம் அழுத்தி அழுத்தி, முடிக்கு நிறம் குடுக்கிற செல்லே செத்துப் போன அடையாளம் அது. திரும்பக் கறுக்காது.

கணக்கு போட்டுப் பார்க்காம இருக்க முடியுமா? அக்கா 60 கிலோ, சேணம் 8 கிலோன்னு வைங்க. 68 கிலோ, சுமார் 670 நியூட்டன். சேணத்தின் ரெண்டு மெத்தையும் முழுசாத் தொட்டா 1,100 சதுர சென்டிமீட்டர்னு நான் எடுத்துக்கிட்டேன். பிரஷர் 6 கிலோபாஸ்கல். குதிரை ட்ராட்டில் ஓடும்போது மேலே இருக்கிறவர் குதிக்கிறதால சுமை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அப்போ 12. சேணம் சரியாப் பொருந்தாம மூணில் ஒரு பங்குதான் தொடுதுன்னா 36.

இப்ப எங்க பிராஜெக்டில் இருந்து ஒரு நம்பர். தோலுக்கடியில் இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாயில் பிரஷர் சுமார் 32 மில்லிமீட்டர் மெர்குரி, அதாவது 4.3 கிலோபாஸ்கல்னு புத்தகத்தில் போட்டிருக்கும். அதுக்கு மேல அழுத்தினா ரத்தம் போறது நிக்கும். அப்போ நல்ல சேணத்திலேயே 6 வருதே, எல்லாக் குதிரைக்கும் புண் வந்திருக்கணுமே? வரல. ஏன்னா சரியான சேணத்தில் அழுத்தம் வந்து வந்து போகுது. ஒவ்வொரு எட்டுக்கும் முதுகு அசையுது, ரத்தம் திரும்ப ஓடுது, இறங்கினதும் ஓய்வு. அழுத்தத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். ஆஸ்பத்திரியில் நோயாளியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்கிறதும் இதுக்குத்தான். ஒரே இடத்தில், விடாம, கிள்ளிப் பிடிச்ச மாதிரி இருக்கிற அழுத்தம்தான் ஆபத்து. சிவப்புத் திட்டு ரெண்டும் அப்படி இருந்தது.

விக்கிறவர் ஒரு வழி சொன்னார்: முன்னால ஒரு தடிமனான பேட் வச்சிடுங்க. பேட் வச்சுத் தற்காலிகமாச் சமாளிக்கிறது உண்டு, விஷயம் தெரிஞ்சவங்க பார்த்துச் செய்யறாங்க. ஆனா தப்பான சேணத்தைப் பேட் சரியான சேணமாக்காது. ரெண்டு சைஸ் பெரிய ஷூவில் துணியைத் திணிச்சுக்கிட்டு மாரத்தான் ஓடுவீங்களா?

இந்த இடத்தில் எங்க பாட்டா ஞாபகம் வந்தார். தேரூர் பக்கம் வயல். எனக்கு விவரம் தெரியும்போதே உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு, ஆனா ஒரு ஜோடி வண்டி மாடு மட்டும் ரொம்ப நாள் வச்சிருந்தார். நுகத்தடியை இறக்கினதும் வேற எந்த வேலைக்கும் முன்னால ரெண்டு மாட்டுக் கழுத்தையும் உள்ளங்கையால தடவிப் பார்ப்பார். சூடு இருக்கா, வீக்கம் இருக்கா, முடி உதிர்ந்திருக்கா. "அது வாயத் தொறந்து சொல்லாதுல மக்கா. நீதான் தொட்டுக் கேக்கணும்." ஒரு மாடு கொஞ்சம் தளர்ந்தப்போ, நுகத்தில் கட்டுற இடத்தைப் பலமான மாட்டுப் பக்கமா ரெண்டு விரல் நகர்த்திக் கட்டினார். பலமான மாட்டுக்குப் பாரம் கூடும், தளர்ந்ததுக்குக் குறையும். செகண்ட் செமஸ்டர்ல நெம்புகோல் விதின்னு நான் படிச்சதும் அதேதான். அவர் ஆறாங்கிளாஸ் தாண்டல.

மாட்டுக்கு இருந்த இந்தக் கைப்பழக்கம் நம்ம கடற்கரையில் குதிரைக்கு இல்லாமப் போச்சோன்னு தோணும். பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசியில் தாமிரபரணி கடலில் சேர்ற இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் கப்பல் கப்பலா அரபுக் குதிரை வந்து இறங்கியது, பாண்டியர்களுக்காக. நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் ரெண்டு மூணு மணி நேரம்தான் அந்த இடம். அங்கே வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கார்: ராஜா வருஷத்துக்கு 2,000-க்கு மேல வாங்குவார், வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாது, ஏன்னா வளர்க்கத் தெரிஞ்சவங்க இல்லை. பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாஃப், அங்கவடி முதலான சாதனம் எதுவும் இல்லாம, பழக்காமலே முரட்டுத்தனமா ஏறி ஓட்டறாங்கன்னு குறை சொல்றார். வெளியாட்கள் எழுதினது, கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். இருந்தாலும் அவ்வளவு காசு குடுத்து வாங்கினவங்க முதுகைத் தொட்டுப் பார்த்தாங்களான்னு எனக்குக் கேக்கத் தோணுது.

இன்னைக்கு இந்தியாவில் சேணம் செய்யறதுக்குப் பேர் போன ஊர் கான்பூர். ராணுவத்துக்காக ஆரம்பிச்ச தொழில்; "கான்பூர் சேடலரி"க்குப் புவிசார் குறியீடு கூட இருக்கு, நம்ம தோவாளை மாணிக்க மாலைக்குக் கிடைச்ச அதே ஜி.ஐ. செய்யற கை நாட்டில் இருக்கு. ஒவ்வொரு குதிரை முதுகையும் அளந்து பொருத்தித் தர்ற ஆளைத் தேடித்தான் அக்கா அலைஞ்சாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் அந்தச் சேணத்தை மடியில் வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல கோபமே வரல. அவ்வளவு அழகா அது அவளுக்குப் பொருந்தியிருந்தது. காசு குடுக்கிறது அவள், போட்டிக்குப் போறது அவள். நாம யூசர்னு சொல்றது எப்பவும் காசு குடுக்கிறவரைத்தான் இல்லையா? ஆனா குதிரைக்கு மட்டும் பார்த்தாப் போதும்னும் சொல்ல முடியாது. மேலே இருக்கிறவர் தடுமாறினா அந்தத் தடுமாற்றம் முழுக்கக் கீழே முதுகில்தான் இறங்கும். சின்ன இருக்கையில் பின்மேட்டில் ஏறி உட்கார்ந்தா எடை மொத்தமும் பின்னால குவியும். ஒருத்தருக்குப் பொருந்தாதது ரெண்டு பேருக்கும் பொருந்தாது.

திங்கட்கிழமை காலையில் விக்கிறவருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாள். காரணம் சொன்னப்போ அவர் சிரிச்சாராம்.

ரெண்டு வாரம் கழிச்சு அவள் வாங்கினது தோலே இல்லாத, சிந்தெடிக் சேணம். 17.5 இஞ்ச்தான். முன்பக்கம் உள்ளே இருக்கிற இரும்புத் தகட்டை ஸ்க்ரூ கழற்றி வேற அகலத்துக்கு மாத்தலாம். பார்க்க ஸ்கூல் பேக் மாதிரி இருக்குன்னு நான் சொன்னேன், அவளும் ஒத்துக்கிட்டாள். முழங்காலுக்கு முன்னால இருக்கிற தடுப்பு அவளுக்கு ஒரு இஞ்ச் தள்ளி இருக்கு. போட்டிக்கு அதில்தான் போனாள், மார்க் சுமார். சுல்தான் வாரை இறுக்கும்போது இப்ப திரும்பிப் பார்க்கிறதோட சரி, கடிக்க வர்றதில்ல.

நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால என்ஜினியரிங் டிராயிங் கிளாஸில் வாங்கின ஃப்ளெக்ஸிபிள் கர்வ் ஒண்ணை அவளிடம் குடுத்துட்டு வந்தேன், அந்த வளைச்சா அப்படியே நிக்கிற ரப்பர் ஸ்கேல். விதர்ஸுக்குக் குறுக்கே வச்சு அழுத்தி, சார்ட் பேப்பரில் வச்சுக் கோடு போட்டாப் போதும், முதுகின் குறுக்குவெட்டு கிடைச்சிடும். நாலு மாசம் கழிச்சு அவள் ரெண்டாவது கோட்டைப் பழைய கோட்டு மேலேயே வரைஞ்சு போட்டோ அனுப்பினாள். தோளுக்குப் பின்னால இருந்த குழி ரெண்டு பக்கமும் நிரம்பியிருக்கு, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலா. சதை பிடிச்சிருக்கு. தகட்டை ஒரு சைஸ் பெரிசா மாத்தணும். ஜெர்மன் சேணத்தை இப்ப வச்சுப் பார்த்தா எப்படி இருக்கும்னு கேட்டேன். அது வித்துப் போச்சாம்.